கேமலாட் சி4: பாலைவன வெடிப்பிலும் நெல்லைப் பொத்தையிலும்

யூட்டா பாலைவனத்து வெடிப்புகளில் ஏறிப் பழகியவர்கள் விடுமுறைக்கு வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கம் வரும்போது பெட்டியில் கொண்டு வருவதும், இங்கே ஏறுகிறவர்கள் வாங்கி வரச் சொல்வதும் பெரும்பாலும் ஒரே சாமான்தான்: பிளாக் டைமண்ட் கம்பெனியின் கேமலாட் சி4. பாறை ஏறுகிறவர் விழுந்தால் கயிறு தாங்கும்படி வெடிப்புக்குள் செருகி வைக்கும் ‘கேம்’ என்ற கருவி அது. ஒன்றின் விலையே பல ஆயிரம் ரூபாய். ஐந்து வாங்கும் காசுக்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வந்துவிடும். ஆகவே எதை வாங்கலாம், எதை விடலாம், எந்தப் பாறையில் நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்று விவரமாகவே பார்த்துவிடலாம். ஏறும் இடத்தில் ஓர் இரவு தங்குவதற்கான சாமான்களையும் கூடவே எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: வேலை முடிந்ததும் தடம் வைக்காமல் வெளியே வருகிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு சுவரும் இணையாக ஓடும் வெடிப்புக்கு சி4 வாங்கினால் குறைப்பட வேண்டியிருக்காது. வெளிவாய் அகன்று உள்ளே ஒடுங்கும் வெடிப்புக்கு வேறு கேம் நல்லது. நம் பொத்தைகளில், அதாவது பாறைக் குன்றுகளில், அந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

கேம் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் எப்போது பிடிக்காது என்பதும் தெரியும். லோப் எனப்படும் நான்கு அலுமினியத் தகடுகள், அவற்றை விரிக்கும் ஸ்பிரிங், சுருக்கும் டிரிகர், கீழே தண்டு, தண்டில் தைத்த ஸ்லிங் என்ற நாடா வளையம். டிரிகரை இழுத்து ஒடுக்கி, வெடிப்புக்குள் விட்டு, கையை எடுத்தால் லோப்கள் விரிந்து சுவரைத் தொடும். கீழ்நோக்கி இழுக்கும் பாரத்தை அவை பக்கவாட்டுத் தள்ளாக மாற்றும். லோபின் விளிம்பு மடக்கைச் சுருள் வடிவில் வெட்டப்பட்டிருப்பதால், எவ்வளவு விரிந்திருந்தாலும் சுவரோடு அது வைக்கும் கோணம் மாறாது. ரே ஜார்டைன் உருவாக்கி, 1978-ல் வைல்ட் கன்ட்ரி விற்பனைக்குக் கொண்டு வந்த ‘ஃப்ரெண்ட்’ கேமில் அந்தக் கோணம் 13.75 பாகை. கேமலாட்டில் 14.5. கேமலாட்டுக்கு அச்சு ஒன்றல்ல, இரண்டு. அதனால் ஒரே கேம் அதிக அகல வித்தியாசத்தைத் தாங்கும்.

அந்தக் கோணத்துக்குக் கணக்குப் போட்டால், கேமில் 100 கிலோ தொங்கும்போது ஒவ்வொரு பக்கச் சுவரும் ஏறக்குறைய 200 கிலோவுக்குச் சமமான தள்ளு வாங்குகிறது. விழும்போது கேமுக்கு 5 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 500 கிலோ பாரம்) வந்தால் சுவருக்குத் தலா 10 கிலோநியூட்டன். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எச்சரிக்கை எல்லாம் தானாக விளங்கும். பாறை மெத்தென்றிருந்தால் அரைபடும், பொருக்காக ஒட்டியிருந்தால் பெயரும், சுவரில் மண் படிந்திருந்தால் கேம் வழுக்கும்.

அளவுகளை எண்ணாலும் நிறத்தாலும் சொல்வார்கள். ஏறுகிறவர் தம் கையால் சொல்வார். சாம்பல் நிற 0.4 விரல் அளவு, 15.5 முதல் 26.7 மி.மீ. வரை. ஊதா 0.5, பச்சை 0.75 இரண்டும் விரலுக்குப் பெரிதாய், கைக்குச் சிறிதாய் இருக்கும் தொல்லை பிடித்த அளவுகள். சிவப்பு 1 ஒடுங்கிய கை அளவு, 30.2 முதல் 52.1 மி.மீ. மஞ்சள் 2 முழுக் கை, 37.2 முதல் 64.9. நீலம் 3 குவித்த கை, 50.7 முதல் 87.9. அதற்கு மேல் சாம்பல் 4 முஷ்டி. 5, 6 தோளும் முழங்காலும் போகும் அகலம். கை சின்னதாக உள்ளவர்களுக்குச் சிவப்பு 1-தான் சுகமான கை அளவு. அவர்களுக்கு மஞ்சளே குவித்த கையாகிவிடும். அதனால் இன்னொருவர் சொன்ன பட்டியலை அப்படியே வாங்கக் கூடாது. உங்கள் கையை வெடிப்பில் விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கை அளவு வெடிப்பில் பிடி போடும் முறை: கட்டைவிரல் மேலே இருக்கும்படி உள்ளங்கையைத் தட்டையாக விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்தினால் அடிச்சதை புடைத்து இரண்டு சுவரையும் பிடிக்கும். காலைப் பக்கவாட்டாக, சுண்டுவிரல் விளிம்பு கீழே இருக்கும்படி நுழைத்து, முழங்காலை நேராக்கித் திருக வேண்டும். பாரம் காலில் இருக்க வேண்டும். கையால் தொங்குகிறவர்கள் பத்தடியில் களைத்துப்போவார்கள். மேலும் அவசரத்தில் கேமை மோசமாக வைப்பார்கள், ஆபத்து அங்கேதான் தொடங்கும்.

பாலைவனத்தில்

சி4 பெயர் வாங்கிய இடம் யூட்டாவின் தென்கிழக்கில் உள்ள இந்தியன் கிரீக். விங்கேட் மணற்கல் செங்குத்தாக வெடித்து, கீழிருந்து மேல்வரை ஒரே அகலத்தில் ஓடும். 1976-ல் முதலில் ஏறப்பட்ட ‘சூப்பர்கிராக் ஆஃப் தி டெசர்ட்’ அங்கேதான் இருக்கிறது. ஒரே அகலம் என்பதால் ஒரே அளவுக் கேம் ஆறு, ஏழு, எட்டு என்று வேண்டியிருக்கும். ஐந்து அளவில் ஒவ்வொன்று வைத்திருப்பவருக்கு அந்தச் சுவரில் ஒரு ஏற்றம்கூட முடியாது. கூட வருகிறவர்களின் கேம்களைச் சேர்த்துக்கொண்டுதான் ஏறுவார்கள். உங்கள் கேமில் உங்கள் நிற டேப்பைத் தண்டில் ஒட்டி வையுங்கள், ஸ்லிங்கில் வேண்டாம்.

நெல்லையின் கருங்கல்லில் பழகியவர்கள் அங்கே செய்யும் பெரிய தவறு, மழை பெய்து மேல்தோல் உலர்ந்ததும் ஏறத் தொடங்குவது. மணற்கல் என்பது மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பது. ஈரம் ஏறினால் அந்த ஒட்டு தளர்ந்து கல் வெகுவாக வலுவிழக்கும். அப்போது கேம் சுவரை அரைத்துக்கொண்டு வெளியே வரும், பிடி உடையும், வெடிப்பின் விளிம்பு நிரந்தரமாகச் சிதையும். தூறலென்றால் குறைந்தது 24 மணி நேரம், நல்ல மழையென்றால் 72 மணி நேரம் வரை காத்திருப்பது அங்குள்ள வழக்கம். அடிவாரத்து மணலை விரலால் சில சென்டிமீட்டர் தோண்டிப் பார்க்க வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் பாறைக்குள்ளும் இருக்கும். உலர்ந்த மணற்கல்லிலும் கேமைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைக்க வேண்டும். லோப் கொஞ்சம் அரைத்து நகர்ந்தாலும் விரிவதற்கு மிச்சம் இருக்கும்.

அங்கே தரையும் பாறை அளவுக்கு நொய்மையானது. செடிகளுக்கிடையே கருப்பாய், பொருபொருவென்று தெரியும் மேற்பரப்பு சயனோபாக்டீரியாவும் பாசியும் கல்பாசியும் சேர்ந்து மண்ணைக் கட்டிப்பிடித்த உயிர்ப்படலம். ஒரு காலடி பட்டால் திரும்ப உருவாகப் பல பத்தாண்டு ஆகும். ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதை, ஓடை மணல், வெறும் பாறை, இந்த மூன்றில்தான் நடக்க வேண்டும். வசந்த காலத்தில் பொரி வல்லூறும் பொன்னாங்கழுகும் கூடு வைக்கும் சுவர்களில் ஏற வேண்டாம் என்று அறிவிப்பு வைப்பார்கள். அறிவிப்பு உள்ள சுவரை விட்டு வேறு சுவருக்குப் போவதுதான் முறை.

நம்ம பொத்தையில்

நம் பக்கத்துப் பாறை சார்னோகைட், நைஸ் என்ற கருங்கல் வகைகள். மிகக் கடினம். கேம் அரைத்துக்கொண்டு வருமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் வடிவம் வேறு. வெயிலும் மழையும் பட்டு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும் பாறை இது. வெடிப்புகள் ஆழமில்லாமல், வாய் அகன்று, ஓரம் உருண்டு இருக்கும். சி4-இன் நான்கு லோபும் ஒரே அகலத்தில் சுவரைத் தொட்டால்தான் நல்லது. அகன்ற வாயில் உள் இரண்டும் நெருங்கி, வெளி இரண்டும் விரிந்து நிற்கும். பார்க்கப் பிடித்த மாதிரி இருக்கும், பாரம் வந்ததும் சுழன்று வெளியே வரும்.

இந்த மாதிரி இடத்துக்கு டோட்டம் என்ற வேறு கம்பெனியின் கேம் நல்லது. அதில் பாரம் ஒவ்வொரு லோபுக்கும் நேரடியாகப் போகும்படி அமைத்திருக்கிறார்கள், ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் மற்றவை தம் வேலையைச் செய்யும். ஆனால் மஞ்சள் 2-க்கு மேற்பட்ட அகலத்துக்கு டோட்டம் கிடையாது. டிஎம்எம் டிராகன், புதிய வைல்ட் கன்ட்ரி ஃப்ரெண்ட் இரண்டிலும் ஸ்லிங்கை நீட்டிக்கொள்ளலாம். கேமலாட்டில் அது இல்லாததால் தனியாக 60 செ.மீ. ஸ்லிங்கும் இரண்டு கராபினரும் (கயிறு மாட்டும் கொக்கி வளையம்) ஒவ்வொரு கேமுக்கும் கூடுதலாகத் தூக்க வேண்டும். இது சி4-இன் உண்மையான குறை. நிறை என்னவென்றால், 2019-ல் வந்த திருத்திய வடிவம் பழையதைவிடச் சுமார் பத்து சதவீதம் எடை குறைவு, டிரிகரின் அசைவு சீராக இருக்கிறது, வியர்த்த கையிலும் நழுவுவதில்லை.

பொத்தைக்கு எங்கள் பரிந்துரை: விரல் அளவுகளுக்கு டோட்டம் இரண்டு, அதற்கு மேல் சி4 1, 2, 3. நீலம் 3 இங்கே எதிர்பார்ப்பதைவிட அதிகம் பயன்படும், ஏனென்றால் பாறை உரிந்த இடத்து இடைவெளிகள் பெரும்பாலும் அந்த அகலம்தான்.

ஆனால் அதே இடைவெளிதான் ஆபத்தும். உரிந்து நிற்கும் பொருக்குக்குப் பின்னால் கேம் வைத்தால், மேலே போட்ட கணக்குப்படி இரண்டு மடங்கு பாரத்தோடு அந்தப் பொருக்கை நெம்புகிறீர்கள். முதலில் விரல் முட்டியால் தட்டுங்கள். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற காது இதற்கும் போதும். கணீரென்றால் பாறையோடு பாறை. பொத்பொத்தென்று குடம் மாதிரி கேட்டால் கேமும் வேண்டாம், கையும் வேண்டாம். கைவிடப்பட்ட கல்குவாரிச் சுவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வெடி வைத்த பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடும். அங்கே ஏறவே கூடாது.

வைக்கும் முறை இதுதான். வெடிப்பின் உள்ளே கண்ணால் பார்த்து, மண்ணும் உதிரிக் கல்லும் இருந்தால் நைலான் பிரஷ்ஷால் தள்ளுங்கள். கம்பி பிரஷ் பாறையைக் கீறும், வேண்டாம். கேமின் முழு விரிவில் பாதிக்கும் மேல் ஒடுங்கியிருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். ஒடுக்கம் 50 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தண்டு, விழுந்தால் எந்தப் பக்கம் இழுபடுமோ அந்தப் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். பொதுவாகக் கீழேயும் கொஞ்சம் வெளியேயும். நான்கு லோபும் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்லிங்கைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுங்கள். படுக்கை வெடிப்பில் வெளிப்பக்கத்து அகன்ற ஜோடி லோப் கீழே வரும்படி வைத்தால் ஆட்டம் குறையும்.

தப்பாகிப்போகும் விதங்கள் பல. மிகச் சின்ன கேமை வைத்து லோப் முழுக்க விரிந்து நின்றால் லேசாக அசைந்தாலே விழும். மிகப் பெரிய கேமை முழுக்க ஒடுக்கித் திணித்தால் விழாது, எடுக்கவும் முடியாது. டிரிகரை இழுக்க இன்னும் ஒரு மயிரிழை இடம் வேண்டுமே, அது இருக்காது. கயிறு அசைய அசைய கேம் மெல்ல உள்ளே நடந்து போகும், அதைத் தடுக்கத்தான் அந்த 60 செ.மீ. ஸ்லிங். சிக்கிய கேமை வெளிப்பக்கம் பார்த்து வெறிகொண்டு இழுப்பதால் டிரிகர் கம்பி வளையும். டிரிகரை முழுக்க இழுத்துப் பிடித்து, உள்ளே போன வழியை நினைவில் வைத்து, முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளி, பிறகு அகலமான இடம் எதுவோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். டிரிகர் எட்டவில்லையென்றால் நட் எனப்படும், வெடிப்பில் சிக்கவைக்கும் உலோகக் கட்டைகள் இரண்டின் வயர் வளையங்களை அதன் இரு பக்கமும் மாட்டி இழுக்கலாம். விட்டுவிட்டுப் போவது கடைசி வழி. பாறையில் சிக்கிய அலுமினியம் அடுத்தவருக்கு இடத்தையும் அடைக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தரையில் நின்றபடியே நூறு முறை வைத்து, ஒவ்வொன்றிலும் ஸ்லிங் கட்டி உடல் பாரத்தைப் போட்டுக் குதித்துப் பாருங்கள். அப்போது தலைக்கவசம் இருக்கட்டும், முகம் கேமுக்கு நேராக இருக்க வேண்டாம்.

வெயில், தேரி மணல், உப்புக் காற்று

இட்டமொழி, உவரி பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், தேரி என்னும் செம்மணல் மேட்டின் மண் எதற்குள்ளும் புகும். லோபுக்கும் அச்சுக்கும் இடையே புகுந்தால் ஸ்பிரிங் திரும்புவது மந்தமாகும். கேமை விட்டதும் ‘சட்’டென்று விரியவில்லையென்றால் கழுவும் நேரம் வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், டிரிகரை முப்பது நாற்பது முறை இழுத்து விடுதல், பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் ஒரு நாள் உலர்த்துதல். அதன்பின் மெழுகு வகை உலர் மசகு இரண்டு சொட்டு அச்சில் மட்டும். தையல் மெஷின் எண்ணெய், சைக்கிள் செயின் எண்ணெய் எதுவும் கூடாது. அடுத்த முறை மணல் அதில் ஒட்டி மாவாகிவிடும். கடலோரம் போய் வந்தால் அழுக்கு தெரியாவிட்டாலும் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு அலுமினியத்தைப் பொரிக்கும்.

ஸ்லிங் டைனீமா என்ற செயற்கை நார். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஆயுள் 10 ஆண்டுக்கு மேல் கிடையாது. நம் வெயிலில் அடிக்கடி காய்ந்தால் அதைவிட வெகு சீக்கிரம் மாற்ற வேண்டும். நிறம் வெளுத்து, தொட்டால் காய்ந்த பனை நார் மாதிரி விறைப்பாக இருந்தால் தள்ளிவிடுங்கள். ஊர்த் தையற்காரரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ புது ஸ்லிங் தைத்து வாங்குவது உயிரோடு விளையாடுவது. பழைய கேமை யாரிடமாவது வாங்குவதானால் உற்பத்தி ஆண்டு அச்சிட்ட சீட்டை முதலில் தேடுங்கள். ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளும் கார் டேஷ்போர்டிலும் கேமை விட்டு வைக்க வேண்டாம்.

கைக்கு ரப்பர் பதித்த கிராக் கையுறை உண்டு. ஒகூன், வைட் பாய்ஸ், அவுட்டோர் ரிசர்ச் எல்லாரும் செய்கிறார்கள். பாலைவனக் குளிரில் அருமை. சித்திரை, வைகாசியில் இங்கே மாட்டினால் உள்ளே வியர்வை தேங்கி கை சுழலும். மெடிக்கல் கடையில் லுக்கோபிளாஸ்ட் என்று கேட்டால் கிடைக்கும் ஜிங்க் ஆக்சைடு டேப் இங்கே நன்றாக நிற்கிறது. புறங்கையில் டிங்சர் பென்சாயின் தடவி, அரை நிமிடம் காயவிட்டு ஒட்டினால் வியர்வையிலும் பெயராது. அது நம் சாம்பிராணிக் கரைசல்தான். உள்ளங்கைப் பக்கம் டேப் போகக் கூடாது, புறங்கையும் விரல் அடி முட்டியும் மட்டும். கழற்றிய டேப் உருண்டை பையில் வர வேண்டும். பொத்தை அடிவாரத்தில் அதிகம் கிடக்கும் குப்பையே அதுதான்.

கையை விடும் முன் ஒரு வார்த்தை. நம் வெடிப்பில் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். சுருட்டை விரியன் பகலில் ஒதுங்குவது இந்த மாதிரி வறண்ட பாறை இடுக்கில்தான். தேளும் அப்படியே. ஹெட்லைட் அடித்துப் பார்த்து, ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கையை விடுங்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கையை அசைக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கோ நேரே போக வேண்டும். பாறைத் தொங்கலில் மலைத்தேன் அடை ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுவரே வேண்டாம். கயிற்றில் தொங்குகிறவரால் ஓட முடியாது. அடை எங்கே இருக்கிறது என்று அங்கே ஆடு மேய்க்கிற அண்ணாச்சிக்குத் தெரியும். ஏறும் முன் அவரிடம் கேளுங்கள்.

இடம் யாருடையது

இந்தியன் கிரீக் நிலத்தின் பெரும்பகுதி, 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடத்துக்குள், அமெரிக்கக் கூட்டரசின் நிலத் துறை பார்த்துக்கொள்ளும் பொதுநிலம். பொதுவாக 14 நாள் வரை கூடாரம் போடலாம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து ‘புறம்போக்குதானே’ என்று கூடாரம் அடிக்கக் கூடாது. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று அர்த்தமில்லை. மேய்ச்சல், மந்தை, ஓடை, குளம், பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பயன் எழுதப்பட்டிருக்கிறது. தமிழக அரசின் நிலப்பதிவு இணையத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேடு எடுத்தால் வகை தெரியும். பிறகு கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு, எந்த இரவு, எத்தனை பேர், எந்த வண்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவது ஒரு மணி நேர வேலை. இரவில் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து ஊர் பதறாது.

காப்புக்காடு வேறு. 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றிக் கால் வைக்கவே கூடாது, ஏற்றமும் கூடாரமும் கேட்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ நடந்த பிறகு மலையேற்ற விதிகளும் இறுகின. கழுகுமலை மாதிரி சமணச் சிற்பம் உள்ள பாறைகளில் வியர்வைக்குப் பூசும் வெள்ளைச் சாக் பொடிக் கைகூடப் படக் கூடாது. அடிவாரத்தில் சாஸ்தா, சுடலைமாடன் இருக்கும் பொத்தையில் பூசாரியிடம் கேட்காமல் ஏறாதீர்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில் சாஸ்தா கோயில் பக்கம் குடும்பம் குடும்பமாக ஜனம் வந்து தங்கும். அந்த வாரம் வேறு வேலை பாருங்கள்.

இரவு தங்கும் சாமான்

கழிவுப்பை. இந்தியன் கிரீக்கில் மலத்தைப் பைக்குள் கட்டித் திரும்ப எடுத்து வருவதுதான் நெறி. வறண்ட மண்ணில் புதைத்தால் மக்காது. அங்கே விற்கும் பையில், டயப்பருக்குள் இருப்பது போல ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கும் பொடி, உள்பை, ஜிப் வைத்த வெளிப்பை, காகிதம் எல்லாம் சேர்ந்து வரும். அங்கே குப்பைத் தொட்டியில் போடலாம். நன்றாக வேலை செய்கிறது, நாற்றமும் இல்லை. ஆனால் நெல்லைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இங்கே அந்தப் பையை வாசலில் வைத்தால் அதைக் கையால் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர். நம் மலத்தை இன்னொருவர் கையில் கொடுக்கும் ஏற்பாடு எவ்வளவு நாகரிகமான பையில் வந்தாலும் வேண்டாம்.

மாற்று எளிது. ரப்பர் வளையத்தோடு திருகி மூடும் அகல வாய் 5 லிட்டர் டிரம் ஒன்று, தென்னை நார்த்தூள் ஒரு பை. அடியில் இரண்டு கை, ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஒரு கை. சிறுநீர் அதில் சேரக் கூடாது, சேர்ந்தால் நாறும். இரண்டு பேருக்கு ஓர் இரவுக்குத் தாராளம். வீட்டுத் தோட்டத்தில் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு முழ ஆழக் குழியில் கொட்டி, சருகும் மண்ணும் போட்டு மூடி ஒரு வருடம் தொடாமல் விடலாம். தோட்டம் இல்லாதவர்கள் நார்த்தூள் போடாமல் பயன்படுத்தி, வீட்டுக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டு, டிரம்மைப் பிளீச்சிங் பவுடரால் கழுவலாம். நார்த்தூளோடு கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைக்கும். தேரியில் புதைக்கவே கூடாது. காற்று மணலை நகர்த்தி ஒரே வாரத்தில் வெளியே காட்டிவிடும். தேரி மணல்தான் சுற்று ஊர்களின் சுனைக்கும் தருவை என்னும் ஏரிக்கும் தண்ணீர் வடித்துக் கொடுக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

கூடாரம். தேரியில் கூடார ஆணி நிற்காது. வெறும் சாக்கில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு முழ ஆழத்தில் படுக்கையாகப் புதைத்தால் அசையாது. காலையில் மணலைக் கொட்டிச் சாக்கை மடித்து எடுத்துவிடலாம். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வீசும் காற்றில் எந்தக் கூடாரமும் தாங்கும் என்று நம்ப வேண்டாம், காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. மார்கழி முதல் மாசி வரைதான் ஏறவும் தங்கவும் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மணல் மெத்தென்று இருக்கிறதே என்று காய்ந்த ஓடைக்குள் படுக்காதீர்கள். மார்கழி பிறந்த பிறகும் வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. கொட்டியது 2023 டிசம்பர் 17, 18-ல்தான்.

காற்றடைத்த மெத்தை வேண்டாம், உடைமுள் ஒன்று போதும். மெல்லிய ஃபோம் பாயின் மேல் ஒரு கோரைப்பாய் விரித்தால் வெக்கையும் தெரியாது.

அடுப்பு. எங்கள் கருத்தில் ஓர் இரவுக்கு அடுப்பே தேவையில்லை. பனைக் காவோலையும் காய்ந்த கோரைப்புல்லும் உள்ள இடத்தில் ஒரு பொறி போதும். நமக்குக் கட்டுச்சோறு என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. முதல் ராத்திரிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் பிரட்டிய இட்லி அல்லது புளியோதரை, மறுநாள் காலைக்கு ஊறவைத்த அவலும் கருப்பட்டியும். வாழையிலை, பனையோலைப் பட்டை என்றாலும் அங்கே போட்டுவிட்டு வர வேண்டாம். ஆட்டுக்கு நல்லதுதானே என்பார்கள், இலையோடு ஒட்டிய எண்ணெய்க்கும் சோற்றுக்கும் நாயும் பன்றியும் வரும். தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர். பொத்தைச் சுனையில் தேங்கிய தண்ணீரை ஆட்டுக்கும் மயிலுக்கும் விட்டுவிட்டு, ஊரிலிருந்தே கேனில் கொண்டு போங்கள்.

வாங்கும் வரிசை எங்களைக் கேட்டால்: முதலில் மஞ்சள் 2, அடுத்து சிவப்பு 1, அடுத்து நீலம் 3. நான்காவது கேமுக்குச் சேர்த்த பணத்தில் ஸ்லிங்கும் கராபினரும் நைலான் பிரஷ்ஷும் திருகுமூடி டிரம்மும் வந்துவிடும். ஊதா 0.5-ஐக் கடைசிக்குத் தள்ளலாம். அந்த அகலத்தில் கை பிடி போடக் கற்றுக்கொள்ளவே எப்படியும் ஒரு வருடம் ஆகும்.